சிவப்பு மை

ஒன்றரை மணிக்குக் கூட்டம் வடிந்துவிடும்.
கம்பளிப் போர்வைக் கட்டுகளுக்கு நடுவே
நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு
நோட்டைத் திறப்பாள் முதலாளி வெங் ஷியூமெய்.
ஜோகன்னஸ்பர்க்கில் எனக்குச் சம்பளம்
கணக்கு எழுத.
இங்கிலீஷ் இனாம்.

அன்றைக்கு ஒரே வினைச்சொல்: பாரோ.
வாங்குவது, ஆனால் திருப்பித் தருவது.
'ஜியே' என்று தலையாட்டினாள்.
சரி, இனி லெண்ட்.
கொடுப்பது, ஆனால் திரும்பி வருவது.
அதற்கும் 'ஜியே'.
இல்லை, இது வேறு என்றேன்.
என் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்தாள்: ஜியே.
என் பக்கம் தள்ளினாள்: ஜியே.
நகர்ந்தது ஒரே கால்குலேட்டர்,
அதற்கு எதற்கு இரண்டு பெயர்
என்பதுபோல் பார்த்தாள்.
'கெய்' என்று ஒன்றைப் பின்னால் ஒட்டினால்
திசை தெரியுமாம்.
அவசரத்தில் யார் ஒட்டுகிறார்கள்.

நான் படித்த தமிழில்
ஈ, தா, கொடு என்று மூன்று.
கேட்கிறவன் கீழா, நிகரா, மேலா
என்று பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுப்பாடம்:
கடையில் நடந்ததை வைத்து ஐந்து வாக்கியம்.
நாலு தேறியது. ஐந்தாவது,
'தண்டாஸோ பாரோ மி அறுநூறு ராண்ட்.'
சிவப்பு மையால் 'மி'யை அடித்தேன்.
'ஃப்ரம் மி' என்று வாலில் சேர்த்தேன்.
இறந்தகாலம் போட்டேன். ஒரு டிக்.
இப்போது குறையில்லாத வாக்கியம்:
தண்டாஸோ என்னிடம் அறுநூறு கடன் வாங்கினான்.
அப்படியே பேரேட்டிலும் ஏற்றினேன்.

மாதக் கடைசி.
தண்டாஸோ உறையைப் பிரித்து எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
'நான் பாரோ பண்ணினேனே' என்றான்.
அதனால்தான் பிடித்திருக்கிறேன் என்றேன்.
'ஆமாம், பாரோ பண்ணினேன். அவளுக்கு.'
ஆமாம், அதனால்தான்.
வெளியே சுரங்க மண்மேட்டின் மஞ்சள் தூசி
கதவிடுக்கில் வந்து
எங்கள் இருவர் மேலும் ஒரே மாதிரி படிந்தது.

சத்தம் கேட்டு ஷியூமெய் வந்தாள்.
துண்டு துண்டாகச் சொன்னாள்:
போன மாதம், கரண்ட் போன இரவு,
கார்டு மெஷின் செத்துக் கிடக்க
லாரிக்காரன் ரொக்கம் கேட்டு
சரக்கை இறக்காமல் நின்றிருக்கிறான்.
மகளின் பள்ளிக்கூட ஷூவுக்கு வைத்திருந்ததை
செல்போன் உறைக்குள்ளிருந்து உருவிக் கொடுத்தவன்
தண்டாஸோ.

இந்த ஊரில் 'பாரோ மி' என்றால்
எனக்குக் கடன் கொடு.
பிளாஸ்டிக் பூக்கடை மிஸஸ் வேலாயுதனும்
அப்படித்தான் ஸ்டேப்ளர் கேட்பாள்.
ஏழு வருஷமாகக் கொடுத்து வருகிறேன்,
கொடுக்கும்போதெல்லாம்
மனசுக்குள் அவளைத் திருத்திக்கொண்டே.
அவள் எழுதியது சரியாக இருந்தது.
நான் திருத்தியதும் சரியாகத்தான் இருந்தது.
இடையில் ஒருவனின் அறுநூறு ராண்ட்
தலைகீழாகத் தொங்கியது.

கொடுத்தது அறுநூறு, பிடித்தது அறுநூறு.
ஆயிரத்து இருநூறை எண்ணி
அவன் கையில் வைத்தாள் ஷியூமெய்.
இலக்கணம் கேட்காமல் வாங்கிக்கொண்டு
தண்டாஸோ ஷட்டரை இறக்கப் போனான்.

அவள் நோட்டைப் புரட்டினாள்.
என் பேனாவை எடுத்தாள்.
நான் அடித்த 'மி'யின் தலைமேல்
இன்னொரு 'மி' எழுதினாள், கொஞ்சம் பெரிதாக.
பக்கத்தில் டிக்.
பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள்.

கேட்க வாயெடுத்தேன்.
ஈ என்பதா,
தா என்பதா,
கொடு என்பதா.